சுண்ணாம்பும் கரியும்

தமிழ்நாட்டுக் கல்யாண ஆல்பங்களில் கருப்பாக ஒருத்தர்கூடக் கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து, கடந்த இருபது வருஷத்து ஆல்பம் ஏதாவது ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை ரோஜா நிறம். பெண் பால் நிறம். ஆயுசு முழுக்க வயக்காட்டில் நின்ற தாய்மாமன்கூட பன்னீரில் ஊறவைத்து எடுத்த மாதிரி இருப்பார். கொஞ்சம் கீழே பார்த்தால்தான் விஷயம் வெளிப்படும். முகம் ஒரு நிறம், தாலி கட்டுகிற கை வேறு நிறம். அவசரத்தில் முகத்தை வெளுத்துவிட்டுக் கையை மறந்துபோன டிசைனரின் கைங்கரியம்.

சங்கரன்கோவிலின் உச்சி வெயிலை அனுபவித்தவர்களுக்கு இது பெரிய அதிசயம். கரிசல் காட்டுக்குப் பக்கத்தில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிற ஊர். அந்த ஊர் மண்டபத்தில் நடந்த கல்யாணம், ஆல்பத்தில் மட்டும் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் நடந்ததுபோல இருக்கும்.

ஸ்டுடியோ வைத்திருக்கிற ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் அசரவே இல்லை. "நான் என்ன செய்ய அண்ணாச்சி? உள்ளது உள்ளபடி போட்டுக் குடுத்தா, 'எம் பிள்ளைய ஏம்ப்பா இப்படிக் கருப்பாக்கி வச்சிருக்க'ன்னு பொம்பளையாளுக சண்டைக்கு வாராக. வெள்ளையாக்கிக் குடுத்தா பாக்கிப் பணம் சிரிச்ச மொகத்தோட வருது."

நியாயம்தான். அவருக்குக் கடை வாடகை இருக்கிறது. எனக்குக் கோபமெல்லாம் இன்னொரு கூட்டத்தின் மேல். காசுக்காகப் படமெடுக்காத, சொந்தக் காசைப் போட்டு லென்ஸ் வாங்குகிற ஆர்வலர்கள்.

ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று சங்கரன்கோவிலில் தபசுக் காட்சி. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டை போட, கோமதி அம்மன் தவமிருந்து, இருவரும் ஒரே உடம்பில் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார்கள் என்பது தலபுராணம். அந்தக் கூட்டத்தில் பக்தர்களுக்கு இடையே கேமராக்காரர்களும் உண்டு. இவர்கள் மணப்பெண்ணைத் தேடுவதில்லை, பாட்டியைத் தேடுகிறார்கள். சுருக்கம் விழுந்த முகம், இழுத்துத் தொங்குகிற காது, வெற்றிலைச் சிவப்பு ஏறின வாய். கிடைத்ததும் சடசடவென்று முப்பது படம். வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் 'கிளாரிட்டி' என்கிற பட்டையைக் கடைசி வரைக்கும் தள்ளுகிறார்கள். ஓரத்தையெல்லாம் இருட்டடிக்கிறார்கள். வேலை முடிந்ததும் பாட்டி, கோடையில் வெடித்துக் கிடக்கிற கண்மாய் மாதிரி ஆகிவிடுகிறாள். அதற்கு 'வாழ்க்கை' என்று ஒரு தலைப்பு வேறு.

மணப்பெண் என்றால் சுண்ணாம்பு, பாட்டி என்றால் கரி. இரண்டுக்கும் பயன்படுவது ஒரே சாஃப்ட்வேர். நடுவில் இருக்கிற நம்முடைய நிஜ நிறங்கள், கருப்பட்டி, வறுத்த காப்பிக்கொட்டை, புதுச் செங்கல், ஈரக் கரிசல், இதெல்லாம் எந்தப் படத்திலும் காணோம். என் புகார் இதுதான்.

ஒரு காலத்தில் பழியை ஃபிலிம் மேல் போட்டிருக்கலாம். கலர் பிரிண்ட் போடுகிற லேப்களுக்கு 1950களிலிருந்தே கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பிவந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் அதற்கு நின்றவர் பெயர் ஷெர்லி என்பதால் 'ஷெர்லி கார்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த அம்மாவின் முகம் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மற்ற முகங்கள் எப்படி வந்தாலும் அது அந்த முகத்தின் தலையெழுத்து. கருப்பான முகமும் வெளுத்த முகமும் ஒரே படத்தில் நின்றால் கருப்பு முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும்.

எப்போது திருந்தினார்கள் தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் புகார் செய்த பிறகு. விளம்பரப் படத்தில் டார்க் சாக்லேட்டுக்கும் பால் சாக்லேட்டுக்கும், ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். மனுஷ முகத்துக்காக நடக்காத காரியம் மேஜை நாற்காலிக்காக நடந்தது. ஷெர்லிக்குப் பக்கத்தில் வேறு நிறத்துப் பெண்களும் அந்த கார்டில் இடம்பிடிக்க 1990கள் ஆயிற்று.

இப்போது 1975-ஆம் வருஷத்தைப் பாருங்கள். அதே கோடாக்கில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் இன்ஜினியர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி. அதே வருஷம்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் விற்பனைக்கு வந்தது. இரண்டும் பல வருஷம் தனித்தனியே வளர்ந்து, 1990-ல் ஃபோட்டோஷாப் பிறந்த பிறகு நம் ஊர் ஸ்டுடியோக்களில் சந்தித்துச் சம்பந்தம் செய்துகொண்டன. க்ரீம் கம்பெனிகூட 2020-ல் சங்கடப்பட்டு, பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. ஆல்பம் டிசைனருக்கு அந்தச் சங்கடம்கூட வரவில்லை.

இன்றைக்கு கருவி மேல் குறை சொல்ல வழியில்லை. ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால், 14 பிட் ரா ஃபைலில் 16,384. கரிசலுக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் எத்தனை நிறம் உண்டோ அத்தனைக்கும் அதில் இடமிருக்கிறது. 2021-ல் கூகுள் தன் பிக்சல் போனில் 'ரியல் டோன்' என்று கருத்த தோலை ஒழுங்காகக் காட்டுவதையே விளம்பரமாகச் செய்தது. கேமராவுக்குக் கண் திறந்தாயிற்று. படமெடுக்கிறவர்தான் இறுக மூடிக்கொண்டிருக்கிறார். ஒரே உடம்பில் இரண்டு நிறத்தைச் சண்டையில்லாமல் வைத்திருக்கிற சங்கரநாராயணரை செல்போனின் பியூட்டி மோடில் நிறுத்தினால், இரண்டு பாதியையும் தேய்த்து ஒரே நிறமாக்கித் தந்தாலும் ஆச்சரியமில்லை.

'ரீடச்சிங் என்ன புதுசா? அந்தக் காலத்திலேயே உண்டே' என்று சிலர் வாதத்துக்கு வருவார்கள். உண்டுதான். நெகட்டிவ் மேல் பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைத்த கைகள் நம் ஸ்டுடியோக்களில் இருந்தன. பக்கத்துக் கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜு (1898-1976) வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வீடு வீடாகப் போனார்கள். அந்த ரோஜாக் கன்னத்தை யாரும் குறை சொல்லவில்லை. அது சாமி. வரைந்தவருக்கும் தெரியும், வாங்கி மாட்டினவருக்கும் தெரியும். அந்த அலங்காரத்தை ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற மனுஷனுக்குச் செய்து, 'இதுதான் நீ' என்று கையில் கொடுக்கும்போதுதான் வில்லங்கம்.

நான் பி.காம். எங்கள் பாடத்தில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. கம்பெனியின் ஓட்டையை மறைத்து, பாலன்ஸ் ஷீட்டை ஜோடித்துக் காட்டுவது. மறைக்கிறார்கள் என்றாலே உள்ளே நஷ்டம் இருக்கிறது என்று அர்த்தம். ஆல்பத்தை வெளுக்கிற ஒவ்வொரு தடவையும், இந்தப் பெண்ணின் நிறம் நஷ்டக் கணக்கு என்று நாம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அதைத்தான் அவள் ஐம்பது வருஷம் பீரோவில் பூட்டி வைக்கப்போகிறாள். அம்மாவின் நிறத்தைக் கொண்டு பிறந்த மகள் ஒருநாள் அதைப் புரட்டிவிட்டு, "கல்யாணத்தன்னிக்கு மட்டும் நீ எப்படிம்மா இவ்ளோ வெள்ளையா இருந்தே?" என்று கேட்டால் அந்தத் தாய் என்ன சொல்வாள்?

பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு ஃபிலிமே தடையாக இருந்ததில்லை. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தைப் பாருங்கள். ஷெர்லியைத் தரமாக வைத்துக்கொண்டிருந்த ஃபிலிம் யுகத்தில் எடுத்த படம்தான். அர்ச்சனாவின் மாநிறம் மாநிறமாகவே இருக்கும். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் எப்படி விழுந்ததோ அப்படியே இருக்கும். தேசிய விருது அந்த முகத்தைத் தேடி வந்தது.

ஆர்வலர்களுக்கு என் சிபாரிசு மூன்று. முதலாவது, படமெடுக்கும்போதே கவனிப்பது. கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம். வெள்ளை வேட்டி ஃப்ரேமை நிறைத்தால் அதையும் சாம்பலாக்கப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முகம் இன்னும் கருக்கும். அதைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கினால் புள்ளி புள்ளியாக வரும். புள்ளியை மறைக்க முகத்தை மழுங்கடிப்பார்கள். சுண்ணாம்பு பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதற்காகக் கருத்த முகத்தை மட்டும் தனியாக அளந்தால், மீட்டர் அதையும் சாம்பலாக்கி வெளுத்துவிடும். பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். உங்கள் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் நீட்டி, அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். முகம் எந்த நிறமானாலும் உள்ளங்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டாவது, மானிட்டர் வெளிச்சத்தைக் குறைப்பது. திரை தானாக ஒளி விடுகிறது. காகிதம், மேலே விழுகிற வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். பளபளக்கிற திரையில் பார்த்துவிட்டு பிரிண்ட் போட்டால் கருத்துத்தான் வரும். உடனே பழி படத்தில் இருக்கிறவரின் தோல் மேல் விழுகிறது. லேப்பில், 'கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்' என்று சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மெஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு கை பார்த்துவிடும். மேட் காகிதத்தில் ஆழமான கருப்பு வராது, கருத்த முகத்தின் அடர்த்தி செத்துவிடும். கொஞ்சம் பளபளப்புள்ள காகிதமே உத்தமம்.

மூன்றாவதுதான் நிஜமான பரீட்சை. ஹார்டு டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர், அந்தப் பாட்டியிடம் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள்? நாலுக்கு ஆறு அளவில் ஒன்று போட ஒரு டீ, ஒரு வடைக் காசு போதும். அடுத்த தடவை போகும்போது எடுத்துப் போங்கள். திண்ணை நிழலில் அவள் கையில் கொடுத்து, முகத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்டி நடுவர்கள் கொடுக்காத மார்க்கை அவள் கொடுப்பாள். "யாருல இது?" என்று கேட்டால் ஃபெயில். "எங்க ஆத்தா மாதிரியே இருக்கேன்லா?" என்று கேட்டுவிட்டுச் சேலை முந்தியில் முடிந்துகொண்டால் நீங்கள் பாஸ்.