காற்றின் கண்

'விண்டோ' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு கண் இருக்கிறது. பழைய நார்ஸ் மொழியில் காற்றையும் கண்ணையும் குறித்த இரு சொற்கள் சேர்ந்து, 'காற்றுக்கண்' என்ற பொருளில் பிறந்தது அது. கண்ணாடி பதிக்காத அந்நாளைய வீட்டுத் திறப்பில் வெளிச்சத்தோடு வாடையும் உள்ளே வரும். அந்தக் காற்று இன்றும் சொல்லில் வீசுகிறது: உதடு குவிந்து ஊதுவதுபோல் தொடங்கி, 'ஓ' என்று வாய் திறந்தபடியே முடிகிறது உச்சரிப்பு. 'கண்துளை' எனப் பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல் இதற்கு இடம்விட்டு மறைந்தது. அதுவும் கண்தான்! தமிழில் சன்னலைக் குறிக்கும் 'காலதர்' விண்டோவுக்கு நெருங்கிய உறவுபோல் தோன்றுகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரமோ காலதரை மானின் கண்ணோடு சேர்த்தே பார்க்கிறது.

கடை முகப்பின் கண்ணாடி, முகவரி தெரியும் அஞ்சல் உறையின் மெல்லிய தாள், கணினித் திரையில் விரியும் கட்டம் எல்லாமே ஆங்கிலத்தில் விண்டோதான். ராக்கெட் ஏவக் கிடைக்கும் குறுகிய நேரமும் அப்படியே. காலத்திலும் ஒரு திறப்பைக் கண்ட அழகான பயன்பாடு அது. பேருந்தில் 'விண்டோ சீட்' கேட்பவர் முகத்தில் மோதும் காற்றைத்தான் கேட்கிறார்; சொல்லின் மூலப்பொருள் அங்கே முழுசாக இருக்கிறது.