ஏழாம் எண்ணும் அதன் பொருளும்

சொல் நிற்கப் பொருள் நழுவுவதை வகுப்பில் விளக்கத் தமிழாசிரியர்க்கு ‘நாற்றம்’ எனும் ஒரு சொல்லே போதும். நறுமணத்தைக் குறித்தது இன்று தீய மணத்தைக் குறிக்கிறது. ஆயின் அச்சொல்லை எவரும் ஆதாயம் கருதி நகர்த்தவில்லை. கோல்ஃப் எனும் குழிப்பந்தாட்டத்தின் மட்டைகளில் பொறித்த எண்களின் நிலை அத்தகையதன்று.

இவ்வாட்டத்தோடு ஜொகூருக்குள்ள உறவு, ஜொகூர் பாருவின் ஆட்டக்களங்களுக்கு முந்தியது. 1840களில் தீபகற்பக் காடுகளில் தாபான் மரங்களை வெட்டிச் சாய்த்து எடுத்த கட்டா பெர்ச்சா எனும் பிசின், சிங்கப்பூர் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றது. அவ்வணிகத்தின் பெரும்பகுதியைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம். 1855இல் தஞ்சோங் புத்திரியில் அவர் நிறுவிய குடியிருப்பே பின்னர் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது.

கடலடித் தந்திக் கம்பிக்கு உறையான அப்பிசின், 1848 அளவில் ஸ்காட்லாந்தில் பந்தும் ஆயிற்று. அதற்குமுன் தோலுறைக்குள் இறகைத் திணித்துப் பந்து செய்தனர். விலையோ அதிகம்; மழையில் ஊறினால் கெட்டுவிடும். பிசின் பந்து மலிவானது, ஆனால் கடினமானது. அதன் தாக்கத்தைத் தாங்காமல் மெல்லிய நீள்மூக்கு மரத்தலைகள் பிளந்தன. மட்டை செய்வோர் தலையைக் குறுக்கித் தடிப்பாக்கினர்; முகத்தில் தோல்துண்டு பதித்தனர். இறகுப்பந்தைக் கிழித்துவிடும் என்று அஞ்சி அளவோடு எடுத்த இரும்பு மட்டை தாராளமாகப் புழங்கலாயிற்று. பொருள் கேட்டதற்கு வடிவம் விடை சொன்னது. இதற்கு விளம்பரம் தேவைப்படவில்லை.

விளம்பரமும் விரைவில் வந்தது. 1900இல் ஹாரி வார்டன் அமெரிக்கா முழுதும் ஆடித் திரிந்தது, ஸ்பால்டிங் நிறுவனம் அவர் பெயரிட்டு விற்ற பிசின் பந்துக்காக. சில ஆண்டுகளிலேயே ஹாஸ்கெலின் ரப்பர் நூல் சுற்றிய பந்து அதைத் துரத்திவிட்டது. (முதலில் அந்த ரப்பர் பெரும்பாலும் காட்டுப் பால், மலாயாத் தோட்டங்களில் தமிழர் சீவிய பால் சந்தையை நிறைத்தது பிறகு. சீவிய கைகள் மட்டை பிடிக்க வாய்ப்பு அரிது என்பது தனிக் கட்டுரைக்குரியது.)

பழைய மட்டைகளுக்கு மாஷி, நிப்ளிக், ஸ்பூன் என்று பெயர்கள் இருந்தன. கரண்டிபோல் குழிந்த முகமுடையது ஸ்பூன், நல்ல காரணப்பெயர். எஃகுத் தண்டுக்கு அமெரிக்காவில் 1924இலும் பிரிட்டனில் 1929இலும் இசைவு கிடைத்தபின், ஒத்த வரிசையாக மட்டைகளைச் செய்வது எளிதாயிற்று. பெயர்கள் போய் எண்கள் வந்தன. எண் ஏற ஏற முகம் மல்லாந்து சாயும். பந்து உயர எழுந்து குறைந்த தொலைவில் விழும். எண் தந்த வாக்கு இவ்வளவே.

அவ்வாக்கே இன்று தளர்ந்துள்ளது. சில பத்தாண்டுகளுக்குமுன் ஏழாம் எண் இரும்பின் சாய்வு ஏறத்தாழ 36 முதல் 40 பாகை. இன்றோ 30 பாகையும் அதனினும் குறைந்ததும் கடைகளில் உண்டு. அது பழைய ஐந்தாம் எண்ணின் சாய்வு. தண்டும் சற்று நீண்டிருக்கும். ‘ஏழாம் எண் முன்னினும் தொலைவு போகிறது’ என்று மகிழ்பவர் ஐந்தாம் எண்ணையே வீசுகிறார்.

மட்டை வடிப்போர் சொல்லும் மறுமொழியும் புறக்கணிக்கத்தக்கதன்று. எடை முகத்தின் அடியில் தாழ்ந்திருப்பதால் குறைந்த சாய்விலும் பந்து உயர்கிறது என்பர், அது உண்மை. பிங் நிறுவனத்தைத் தோற்றுவித்த கார்ஸ்டன் சோல்ஹைம் எடையை விளிம்புகளுக்கு ஒதுக்கியது மெய்யான வடிவமைப்பு: நடுவில் படாத அடியும் அவ்வளவு வீணாவதில்லை. அந்த நன்மையைச் சொல்லியே விற்கலாமே? எண்ணை நகர்த்தி விற்பது ஏன்?

விளைவு வாங்குபவர் பையில் தெரிகிறது. 48 பாகையை ஒட்டியிருந்த பிட்சிங் வெட்ஜ் இத்தகைய வரிசைகளில் 43 அளவுக்கு இறங்கிவிட்டது. மணற்குழி மட்டையோ 56 அளவிலேயே நிற்கிறது. இடையில் விழுந்த பள்ளத்தை நிரப்ப ‘கேப் வெட்ஜ்’ என்று மற்றொன்றை விற்கின்றனர். பள்ளம் தோண்டியவரே மண்ணையும் விலைக்கு விற்கும் வணிகம் இது. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்ற விதி 1938இல் அமெரிக்காவிலும் 1939இல் பிரிட்டனிலும் வந்தது. ஆகவே ஒன்று புகுந்தால் பயனுள்ள வேறொன்று வெளியேறலாம்.

சாய்வின் பாகையை நிறுவனங்கள் மறைப்பதில்லை. விவரப் பட்டியலில் அச்சிடுகின்றன. வெட்ஜ் மட்டைகளிலோ பாகையையே பொறிக்கின்றனர். ஏழாம் எண்ணின் அடியிலும் அதற்கு இடம் உண்டு.