விரலுக்கு உரிய நிறம்

ரஸெட் என்னும் செம்பழுப்பு நிறச் சொல்லைக் கேட்டதும் எல்லோரும் இலையுதிர்காலத்து மேப்பிள் இலையைக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சொல் கண்ணைவிட விரலுக்கே உரியது.

ஆபர்ன் என்ற நிறச் சொல்லுக்கு உருகும் நண்பர்கள் எனக்கு உண்டு. லத்தீனில் வெளிறிய வெண்மையாகப் பிறந்து, 'பிரவுன்' என்ற சொல்லின் சாயலில் மயங்கிப் பழுப்பாகிப்போன சொல் அது. கதை ருசியானதுதான். இன்னும் சிலருக்கு மோவ் என்ற ஊதா. 1856இல் வேதியியலாளர் பெர்க்கின் குயினைன் செய்யப்போய்க் கண்டெடுத்த சாயத்தால் பேர் வாங்கிய சொல். இரண்டும் பட்டுச் சொற்கள். ரஸெட் கம்பளிச் சொல்.

லத்தீனில் சிவப்பிலிருந்து கிளம்பியதென்றாலும், இங்கிலாந்தில் அது ஏழைகள் உடுத்திய முரட்டுத் துணியின் பெயராகவே வாழ்ந்தது. யார் எதை உடுத்தலாம் என்று 1363இல் போட்ட சட்டம், உழவனுக்கும் வண்டிக்காரனுக்கும் ஒதுக்கிய துணிகளில் ரஸெட் ஒன்று. 1643இல் படைத்தலைவர் கிராம்வெல் தன் கடிதமொன்றில், வெறும் கனவானைவிட ரஸெட் அங்கி போட்ட எளிய கேப்டனே மேல் என்கிறபோது, அவர் நிறத்தையா பேசுகிறார்?

அந்தத் துணி சில வேளை பழுப்பு, சில வேளை சாம்பல். இதற்கு ஷேக்ஸ்பியரே சாட்சி. 'நடுவேனிற் கனவு' நாடகத்தில் பக், ஒரு காக்கைக் கூட்டத்தின் தலைக்கு இந்தச் சொல்லைச் சூட்டுகிறான். அந்தப் பறவை ஜாக்டா என்றால் பிடரி சாம்பல். சிவந்த அலகுள்ள சஃப் என்றால் தலை முழுக்கக் கறுப்பு. செம்பழுப்புக்கு அங்கே இடமே இல்லை.

இனி 'ஹாம்லெட்'டின் முதல் காட்சிக்குப் போங்கள். நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் அது. இரவெல்லாம் மாண்ட மன்னனின் ஆவியைக் கண்டு நடுங்கிய பிறகு, ஹொரேஷியோ விடியலுக்கு ரஸெட் மேலாடை போர்த்துகிறான். பொன் இல்லை, ரோஜா இல்லை. அரசன் கவசத்தோடு அலைந்த கோட்டைக்கு, காலை ஒரு குடியானவனின் துணியில் வருகிறது. அதைச் சிவந்த வானம் என்று படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

இதை எனக்குச் சொல்லித்தந்த ஆசிரியர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. தன் கதர்ச் சட்டையின் கையை நீட்டி, "தொட்டுப் பாருடா" என்றார். அவ்வளவுதான் பாடம்.

இப்போது நகப்பூச்சுக்கும் கார் பெயின்டுக்கும் ரஸெட் என்று பெயர் வைக்கிறார்கள். வழவழத்து மின்னும் ரஸெட்! சொல்லின் மரியாதையைக் காப்பாற்றுகிறவர்கள் ஆப்பிள் தோட்டக்காரர்கள் மட்டும்தான். எக்ரிமன்ட் ரஸெட் ஆப்பிளின் தோல் இன்றும் சொரசொரக்கிறது. பழத்தோல் அப்படித் தடித்துப்போவதையே அவர்கள் 'ரஸெட்டிங்' என்கிறார்கள்.

மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'செம்பழுப்பு' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். அந்த இடத்தில் முரட்டுத் துணி ஒன்று இருக்கிறதா என்று ஒரு முறை தடவிப் பாருங்கள்.