அமிலம் தொடாத வெண்மை

அச்சோவியங்களைக் காணும் நம்மவர் முதலில் வியப்பது அவற்றின் கருமையையே. அக்குவாடின்ட் முறையைப் பொறுத்தவரை அவ்வியப்பு வெண்மைக்கே உரியது என்பது நம் கருத்து.

தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் எழும்பூர் சென்று, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியின் வழிவந்த அரசு கவின்கலைக் கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர் இம்முறையைக் கற்பதாகக் கொள்வோம். செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவி, சூடேற்றி ஒட்டவைக்க வேண்டும். வெண்மையாக நிற்க வேண்டிய இடங்களை வார்னிஷால் மறைத்த பின்னரே தகட்டை அமிலத்தில் இடலாம். துகள்களின் இடைவெளியை அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை தங்கும். நேரம் கூடக் கூடக் கருமை கூடும். மிகுந்த கருமையைத் தேய்த்துக் குறைக்கலாம்; பழைய வெண்மை எளிதில் மீளாது.

ஸ்பெயின் ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட ‘லாஸ் கப்ரிசோஸ்’ தொகுதியின் 80 படங்களுள் 32ஆவது இதற்குச் சான்று. சிறையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண். கோடுகளே இல்லை, முழுவதும் அக்குவாடின்ட். நம் நெஞ்சைத் தொடுவது, சூழ்ந்த இருளன்று. அவள்மீது எஞ்சிய ஒளி. அது பூசப்பட்டதன்று, அமிலத்தினின்று காக்கப்பட்டது.

கருமையே ஆற்றல் எனக் கருதித் தகட்டை நெடுநேரம் அமிலத்தில் விட எந்த மாணவருக்கும் ஆசை எழும். நம் பாராட்டே அவ்வாசையை வளர்க்கிறது. இருளைக் கூட்டுதல் எவர்க்கும் எளிது. வெண்மையோ அமானிதம், முதலிலேயே பேணினாலன்றிப் பின்னர்க் கிட்டாது.