மலைச்சரிவும் திட்ட ஏடும்

ஒரு நாவலைப் படிக்கும்போது அதில் யார் பேசுகிறார்கள், யார் வாய் திறவாமலே நிற்கிறார்கள் என்று நாம் கேட்கிறோம். அரசாங்கத்தின் திட்ட ஏட்டையும் அவ்வாறே படித்தல் வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான இலங்கையின் தேசிய இசைவாக்கத் திட்டம் 2016 முதல் 2025 வரைக்குமென வகுக்கப்பட்டது. அதன் இறுதியாண்டில், நவம்பர் மாதக் கடைசியில், டித்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டமே. கம்பளையில் மகாவலி கரைபுரண்டது. அலவத்துகொடையில் மலை வீடுகளின்மேல் சரிந்தது.

திட்டத்தின் தகுதியை மறைத்தல் நேர்மையாகாது. உணவு, நீர், சுகாதாரம், குடியிருப்பு, ஏற்றுமதி விவசாயம் என்று ஒன்பது துறைகளாக வகுத்து அது பிரச்சினையை ஆராய்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமோ மண்சரிவு அபாயமுள்ள இடங்களைப் படமாக வரைந்து தந்திருக்கிறது. விஞ்ஞானம் தன் கடமையில் தவறிற்று என்று எவரும் கூறிவிட முடியாது.

நாம் காணும் குறை அந்தப் பகுப்பிலேயே இருக்கிறது. தேயிலைச் செடி ஏற்றுமதி விவசாயத்தில் அடங்குகிறது. கொழுந்து பறிப்பவளின் வீடு குடியிருப்பில் அடங்குகிறது. வாழ்க்கையிலோ இரண்டும் ஒரே சரிவில் நிற்கின்றன. ஏன் அங்கே நிற்கின்றன என்பதற்கு வரலாறுதான் விடை சொல்லும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் கண்டிச் சிங்களக் குடியானவனின் காட்டையும் சேனையையும் பறிக்க வழி திறந்தது. காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பி நோயால் மடிந்தபின் தேயிலையே மலையை மூடிற்று. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளிக்குத் தோட்டம் லயத்தைத் தந்தது; நிலத்தைத் தரவில்லை. 1948இல் குடியுரிமையும் மறுக்கப்பட்டது. பிற்காலத்தில் அது மீண்டபோதும் லயத்தின் அடிநிலம் தோட்டத்துக்கே உரியதாயிருந்தது.

ஆகவே, 'அபாயப் பகுதியை விட்டு அகலுக' என்னும் அறிவுரை, வேறிடத்தில் ஒரு துண்டு நிலமுள்ளவனுக்கே பொருள்படும். 2014 அக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அங்கே அபாயமுண்டென்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால், அம்மக்கள் குடியேற நிலம் வழங்கப்பட்டிருக்கவில்லை.

இசைவாக்கம் என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்க்கலாம். எவர் எதற்கு இசைந்துபோவது? இயற்கையின் சீற்றத்துக்கு ஏற்ப வாழ்க்கையை அமைத்துக்கொள்வது அறிவுடைமை. நிலமின்மைக்கு இசைந்துபோகச் சொல்வது அறிவுடைமையன்று. கியூபா செல்வம் கொழிக்கும் நாடன்று. 1963இல் ஃப்ளோரா புயல் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் அந்நாடு தெருத்தெருவாக மக்களை அணிதிரட்டி, ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தி, புயலுக்கு முன்பே குடிகளை அப்புறப்படுத்தக் கற்றுக்கொண்டது. எச்சரிக்கையை நிறைவேற்றும் பொறுப்பில் மக்களும் பங்குகொண்டதே அங்கு நாம் காணும் சிறப்பு.

இனி எழுதப்படும் திட்டத்தை மூன்று கேள்விகளால் நாம் அளப்போம். பெயர்க்கப்படும் குடும்பத்துக்குக் காணி உறுதி உண்டா? எச்சரிக்கை சிங்களத்திலும் தமிழிலும் ஒரே வேளையில் வருமா? தோட்டத்துத் தொழிலாளியும் அயற்கிராமத்துக் குடியானவனும் அதை வகுக்கும் சபையில் அமர்வார்களா? ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊரின் அபாயப் படத்தைக் கேட்டுப் பெற்று, வகுப்பறையில் விரித்துவைத்து, இக்கேள்விகளை எழுப்புவார்களாக. அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஆகவேண்டிய வேலை இது.