பாதரசத்துக்கு ஒரு பீட்டு: கொடைக்கானல் ராப்பை எப்படிக் கேட்பது?

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் குணா குகைப் பக்கம் ஒரு எட்டு எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. வெள்ளைக்காரர்கள் 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயர் வைத்த இடம் அது. 1991இல் 'குணா' வந்தது, பழைய பெயர் காணாமல் போனது. 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு, அங்கே நின்று இளையராஜா பாட்டை முணுமுணுக்கும் கூட்டம் இன்னும் பெருத்தது. சினிமாப் பாட்டுக்கு அந்தச் செல்வாக்கு உண்டு.

அதே ஊரில், செயின்ட் மேரிஸ் சாலையில், மூடிக் கிடக்கும் தெர்மாமீட்டர் ஆலைக்கும் பாட்டு இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகவே இருக்கிறது. உலகத்தில் பாதிப்பேர் கேட்ட பீட்டில் பாடியது முதல் பாட்டு, கர்னாடக சங்கீதக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தது இரண்டாவது. இவற்றைச் செய்தியாகப் பகிர்ந்தவர்கள் ஏராளம். பாட்டாகக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் எனக்குச் சந்தேகம். 'நல்ல விஷயத்துக்காகப் பாடியிருக்கிறார்கள்' என்று ஒரு லைக் போட்டுவிட்டு நகர்வது பாட்டுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. கோஷத்தைக் கூடக் காது கொடுத்துக் கேட்டால் அதில் தாளம் இருக்கும்.

சினிமாப் பாட்டுக்குக் கதை சொல்லப் படம் இருக்கிறது. தனியிசைக்கு அது கிடையாது. கேட்பவர் கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைக் கழற்றி, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் பூட்டியது பாண்ட்ஸ். பிறகு அது யூனிலீவரின் இந்திய நிறுவனமான இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் 7.4 டன் குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் அம்பலப்படுத்தினார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. ஆலைக்குப் பின்னால் சரிவில் இருப்பது பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர்தான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. ஆலையில் வேலை பார்த்ததால் உடம்பு கெட்டது என்றார்கள் தொழிலாளர்கள். நிறுவனம் மறுத்தது. இழுபறி வருடக்கணக்கில் நீண்டது.

2015 ஜூலை 30 அன்று யூடியூபில் வந்தது 'கொடைக்கானல் வோன்ட்'. எழுதிப் பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரஃப். வீடியோவை இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். மெட்டு நிக்கி மினாஜின் 'அனகோண்டா'. அந்தப் பாட்டின் பல்லவி வாக்கியத்தை அச்சாக வைத்து வார்த்தையை மாற்றி வார்த்ததுதான் இந்தத் தலைப்பே.

முதலில் இந்தக் கடன் மெட்டைக் காதில் பிடியுங்கள். 2014இல் வந்த 'அனகோண்டா'வே கடன் வாங்கியதுதான்: 1992இல் சர் மிக்ஸ்-அ-லாட் பாடிய 'பேபி காட் பேக்' பாட்டிலிருந்து துண்டுகளை எடுத்து அதன்மேல் கட்டிய பாட்டு அது. மூன்றையும் வரிசையாக ஒரே மூச்சில் கேட்டால் கை மாறிக் கை மாறி வந்த ஒரு தாளம் நம்மூர் மலையில் வந்து இறங்குவது தெரியும். முதல் இரண்டும் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவை பெண் உடம்பின் வளைவைக் கொண்டாடும் பாட்டுகள். உடம்பைக் கொண்டாடிய அதே பீட்டின் மேல் உடம்பு கெட்டவர்களின் வழக்கை ஏற்றி வைத்ததுதான் சோபியாவின் கெட்டிக்காரத்தனம். அசல் தெரிந்தவருக்குக் காதில் இரண்டு பாட்டும் ஒன்றாக ஓடும். கால் ஆடப் பார்க்கும். வார்த்தை அதைக் கூசச் செய்யும். அந்தச் சங்கடம்தான் இந்தப் பாட்டின் ருசி. அசல் தெரியாமல் கேட்டால் பாதிப் பாட்டைத்தான் கேட்கிறீர்கள்.

'அடுத்தவர் மெட்டில் பாடுவது ஒரு கலையா?' என்று கேட்பவர்கள் பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டலாம். பாட்டின் தலைமாட்டில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருக்கும். வெள்ளம், கொலை, ரயில் விபத்து என்று எது நடந்தாலும் தெரிந்த மெட்டில் பாட்டுக் கட்டி மலிவு விலைக்கு விற்ற குஜிலிப் புத்தகங்கள் நம்மிடம் இருந்தன. தேர்தல் வந்தால் ஆட்டோவில் இன்றும் அதுதான் நடக்கிறது. சோபியா அஷ்ரஃப் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதியவர். தெரிந்த மெட்டு கதவைத் தட்டாமலே உள்ளே போய்விடும் என்பது குஜிலிக்காரருக்கும் தெரியும், விளம்பரக்காரருக்கும் தெரியும்.

அடுத்தது தாளம். 'ராப் என்றால் வேகமாகப் பேசுவதுதானே' என்பவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். தொடையில் ஆதி தாளம் போடுங்கள். ராப்பின் பீட்டு நாலு நாலாகப் போவதால் எட்டு எண்ணிக்கை பிசகாமல் உட்காரும். தாளம் பிடிபட்டதும் கவனத்தை வார்த்தைக்கு மாற்றுங்கள். எங்கே ஓர் அடிக்குள் கூடுதலாக அசைகளைத் திணிக்கிறார், எங்கே அடி விழுந்த பிறகு அரை இடம் தள்ளி எடுக்கிறார், எங்கே சொல்லை நிறுத்திப் பீட்டைத் தனியாக ஓடவிடுகிறார் என்று பாருங்கள். ராப்பர்கள் 'ஃப்ளோ' என்று சொல்வது இதைத்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் பாடும் காவடிச்சிந்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிது கிடையாது. அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிய சிந்துகளிலும் சொல் மூச்சு வாங்காமல் ஓடி, இயைபில் வந்து முட்டி நின்று, மறுபடி ஓடும். இந்த மலையின் வடக்குச் சரிவில் சிந்து, மேலே ராப் என்று சொன்னால் பண்டிதர்கள் கோபிக்கலாம். காது கோபிக்காது.

நம் மரபில் எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் காதைப் பிடிக்கும். ராப்பில் முக்கியமான விளையாட்டு அடியின் கடைசியில். ஆகவே இறுதிச் சொல்லுக்காகக் காத்திருந்து கேளுங்கள். எதிர்பார்த்த ஓசை, எதிர்பாராத சொல்லோடு வந்து விழுந்தால் அது நல்ல வரி. ஓசைக்காக இழுத்து வந்த சொல் என்று தோன்றினால் அது சுமாரான வரி. முதல் பாட்டில் அப்படியும் சில இருக்கின்றன.

இன்னொரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: பாட்டு யார் முகத்தைப் பார்த்துப் பாடுகிறது? மூஞ்சிக்கல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் தொழிலாளிக்கு அந்த ஆங்கில ராப் எவ்வளவு எட்டியிருக்கும்? அது யூனிலீவரின் தலைமையகம் இருக்கும் லண்டனைப் பார்த்துப் பாடிய பாட்டு. போய்ச் சேரவும் செய்தது. சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நிக்கி மினாஜ் தன் ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் அப்போதைய தலைமை அதிகாரி பால் போல்மன் ட்விட்டரிலேயே பதில் சொன்னார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. பாட்டுதான் வென்றது என்று எழுதியவர்கள் உண்டு. தொழிலாளர்கள் 2006லேயே உயர் நீதிமன்றப் படி ஏறியவர்கள் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். கடைசி ஓட்டத்தில் வந்து சேர்ந்த பாட்டு அது, நல்ல ஓட்டம்தான்.

தொழிலாளர் விவகாரம் முடிந்தாலும் மண் விவகாரம் முடியவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவுகோல் வைத்துச் சுத்தம் செய்தால் போதுமா, இதே நிறுவனம் இங்கிலாந்தில் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டு 2018இல் வந்தது 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்'. இயக்கம் மறுபடி ரதீந்திரன். இந்த முறை சோபியாவோடு கர்னாடக சங்கீதக்காரர் டி.எம். கிருஷ்ணாவும் சென்னை ராக் பாடகர் அம்ரித் ராவும்.

இதை நேராகக் கேட்காதீர்கள். நடுவில் ஒன்று இருக்கிறது. 2017 பொங்கலை ஒட்டி வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்'. இயக்கியவர் இதே ரதீந்திரன், இடம் எண்ணூர். காபர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ஆனந்தபைரவி, பேகடா, சிந்துபைரவி என்று ராகமாலிகையாக மெட்டமைக்க, கிருஷ்ணா பாடினார். கச்சேரி மேடை ஒதுக்கி வைத்த பேச்சுத் தமிழ் ஆனந்தபைரவிக்குள் எவ்வளவு சொகுசாக உட்காருகிறது என்று அதில் கேட்கலாம். அந்தக் குரல் காதில் இருக்கும்போது இரண்டாம் கொடைக்கானல் பாட்டுக்கு வாருங்கள். ராப் சொல்லை வெட்டி வெட்டி வைக்கும். கமகம் அதே சொல்லை இழைத்து நீட்டும். ஒருவர் முடித்து அடுத்தவர் எடுக்கும் இடங்கள்தான் கேட்க வேண்டிய இடங்கள். அங்கே கோபத்தின் நிறம் மாறுகிறது: ராப்பில் அது வாதம், கிருஷ்ணாவின் குரலில் அது கிட்டத்தட்ட ஒப்பாரிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

இரண்டில் எது சிறந்தது? முதலாவது ஊசி, ஒரே இடத்தில் குத்தியது. இரண்டாவது சொல்ல வந்தது அதிகம், முதல் தடவை கேட்கும்போது நெரிசலாகத்தான் இருக்கும். ஆனால் முதல் பாட்டை நாலு முறை கேட்டால் அதன் வேடிக்கை தீர்ந்துவிடுகிறது, இரண்டாவதில் தீருவதில்லை. எனக்கு இரண்டாவதுதான்.

செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள்; அடிநாதமான பாஸ் அதில் வராது, பாஸ் இல்லாத ராப்புக்கு ரசம் கிடையாது. ஹெட்போன் போதும். முதல் தடவை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். படத்தை அடுத்த சுற்றில் பார்க்கலாம். மூன்றையும் முடித்த கையோடு, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாட்டு ஒன்றைப் போடுங்கள். கானாவும் பறையும் ராப்பும் அங்கே ஒரே மேடையில் நிற்கின்றன, வர்ணமெட்டு எதையும் கடன் வாங்காமல்.