பொன்னாவுக்கு வயிற்றுவலி உண்டா?

கல்யாணமாகி நாலைந்து வருஷமாகியும் பிள்ளை இல்லாத ஒரு பெண் தமிழ் நாவலில் வந்துவிட்டால், மேற்கொண்டு என்ன நடக்கும் என்பதை ஆசிரியருக்கு முன்பாகவே நம் வாசகர்கள் சொல்லிவிடுவார்கள். மாமியார் ஒரு வார்த்தை சொல்வாள். அரசமரத்தைச் சுற்றுவது, ராமேசுவரம் போவது, நாகப் பிரதிஷ்டை செய்வது எல்லாம் வரிசையாக நடக்கும். அப்புறம் மூன்றே வழிதான். இரண்டாம் கல்யாணம்; சுவீகாரம்; அல்லது கடைசி அத்தியாயத்தில் ஒரு மயக்கம், ஒரு வாந்தி, நாடியைப் பிடித்துப் பார்த்துப் புன்னகை செய்யும் ஒரு டாக்டர். நம் கதைகளில் வரும் டாக்டருக்கு அந்தப் புன்னகைக்கு மேல் வேலை கிடையாது.

இப்படிப்பட்ட பெண்ணின் மனத்தை நம் எழுத்தாளர்கள் நன்றாகவே அறிவார்கள். சீமந்தத்துக்கு அழைப்பு வராத அவமானம், தங்கையின் குழந்தையைத் தூக்கும்போது சுற்றியிருப்பவர்கள் பார்க்கிற பார்வை, இவற்றையெல்லாம் உருக்கமாக எழுதுகிறார்கள். உடம்பைப் பற்றித்தான் எழுதுவதில்லை. வள்ளுவரின் ஏழாவது அதிகாரத்துக்குப் பரிமேலழகர் வைத்திருக்கும் தலைப்பு 'புதல்வரைப் பெறுதல்'. பெறுகிறவளுக்கு எங்கே வலிக்கிறது என்பது உரையாசிரியருக்கு விஷயமல்ல. நாவலாசிரியனுக்குமா விஷயமல்ல?

இந்த வகையில் நம்மிடம் உள்ள நாவல்களில் சிறந்தது பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' என்பது என் அபிப்பிராயம். 2010-ல் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காளி, பொன்னா தம்பதிக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. வேண்டுதல்கள், பரிகாரங்கள், வறடிக்கல்லைச் சுற்றிவரும் பயம், காளிக்கு இன்னொரு பெண் கட்டும் யோசனை எல்லாம் வந்து போகின்றன. கடைசியில் தேர்த்திருவிழாவின் பதினாலாம் நாள் இரவு. நான்கு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில், இந்தக் கதையை வைத்துப் பெரிய கலவரம் எழுந்ததும், 2015 ஜனவரியில் ஆசிரியர் இனி எழுதுவதில்லை என்று அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் வாசகர்களுக்குத் தெரியும். அந்த ஒன்றரை வருஷத்தில் ஊரின் மானம், ஜாதியின் மானம், எழுத்தாளனின் சுதந்திரம், இத்தனையும் விவாதத்துக்கு வந்தன. பொன்னாவின் கர்ப்பப்பையைப் பற்றி நாடே பேசிற்று என்றுகூடச் சொல்லலாம். பொன்னாவைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

அவளைப் பற்றிப் பேசியவள் எங்கள் குருசுக்குப்பத்துப் பெண் ஒருத்தி. மாமனார் கட்டுமரத்தில் போனவர். புருஷன் உத்தியோகத்தில் இருக்கிறார். அவளும் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவ்வப்போது என்னிடம் புத்தகம் வாங்கிப் படிப்பாள். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது 'மாதொருபாகன்' முழுவதையும் படித்திருக்கிறாள். வந்து கேட்டாள்: "பொன்னாவுக்கு மாசாமாசம் வயித்துவலி இருந்துச்சா ஸார்? எங்கயாச்சும் எழுதியிருக்காரா?"

விமரிசனம் என்று எத்தனையோ படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அந்த வலியைக் கதையின் பொருளாக நாவல் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மாதவிலக்கும் பொன்னாவுக்கு ஏமாற்றம், அவ்வளவுதான். என்னிடம் கேட்டவளுக்கோ அது ஏமாற்றமும் வலியும் சேர்ந்தது. பதினாலு வயதிலிருந்து மாதத்தில் மூன்று நாள் சுருண்டு படுத்தவள். அம்மா வெந்தயம் கொடுத்தாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ஆயிற்று, சரியாகவில்லை. ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டு வருஷமாகப் பிள்ளை வரவில்லை. இப்போது ஒரு டாக்டர் 'எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்.

'இருக்கலாம்' என்கிற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். தமிழில் அதைப்போல் கொடுமையான வினைமுற்று வேறு இல்லை. இருக்கிறது என்றால் அழுது முடித்துவிடலாம். இல்லை என்றால் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கலாம். இருக்கலாம் என்று சொன்னால் அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டியதுதான்.

வியாதி இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையின் உட்பக்கத்தில் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற படலத்தைப் போன்ற திசு, இருக்க வேண்டிய இடத்தை விட்டு சினைப்பையிலும் குடலின் மேலும் வயிற்றின் உள்விரிப்பிலும் முளைப்பது. விலக்கு ரத்தம் பின்னோக்கிக் குழாய் வழியாக வயிற்றுக்குள் போவதால் இது உண்டாகிறது என்று 1927-ல் அமெரிக்க டாக்டர் ஜான் ஸாம்ப்ஸன் எழுதினார். முழுக் காரணமும் அதுதான் என்று இன்றைக்கும் முடிவாகவில்லை. பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு இது உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. வலி தொடங்கியதிலிருந்து வியாதிக்குப் பெயர் கிடைக்கிறவரை 4 முதல் 12 வருஷம்வரை ஆகிறதாம். வலிக்கும் வியாதியின் அளவுக்கும் சம்பந்தம் கிடையாது. கொஞ்சம் உள்ளவள் துடிப்பாள், நிறைய உள்ளவளுக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கும். சினைப்பையில் 'சாக்லெட் கட்டி' இருந்தால் ஸ்கேனில் தெரியும். சிறு புள்ளிகள் தப்பிவிடும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வயிற்றில் சிறு துளை போட்டுக் குழாய்க் கருவியால் பார்க்க வேண்டும் என்பது நெடுங்காலச் சட்டம். ஐரோப்பிய மருத்துவர் சங்கம் 2022-ல் அந்தச் சட்டத்தைத் தளர்த்தி, எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் அது வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

இதில் நாவலாசிரியன் கண் வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வலியைக் குறைக்கிற ஹார்மோன் மாத்திரைகள் பெரும்பாலும் கரு உண்டாவதையும் தடுத்துவிடும். வலி போக வேண்டுமா, பிள்ளை வேண்டுமா என்று ஒரு பெண் மாதாமாதம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை வேண்டும் என்பதால் மாத்திரையைத் தள்ளி வைக்கிறாள்; வலி வருகிறது; வலி வந்தது என்றால் பிள்ளை இல்லை என்று அர்த்தம். கிரேக்க நாடகக்காரன் கையில் இது கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான்! நாம் அரசமரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்பது குப்பத்துப் பாட்டிகளின் சொல் மட்டுமென்று படித்தவர்கள் நினைத்துவிடக் கூடாது. 1940-களில் பாஸ்டனில் ஜோ மீக்ஸ் என்ற பெரிய டாக்டர் இதே யோசனையைத்தான் சொன்னார்: சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் பிள்ளைகள். கர்ப்பகாலத்தில் சிலருக்கு வலி அடங்கியிருப்பது உண்மை. ஆனால் கர்ப்பம் இந்த வியாதிக்கு மருந்து ஆகாது. 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் வைத்தியப் பள்ளி வைத்த ஊர் புதுச்சேரி. அதன் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. பெண்களுக்கென்றே எல்லைப்பிள்ளைச்சாவடியில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. இருந்தும் அவள் தன் வலியைச் சொல்ல ஒரு நாவலைத் துணைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்த உடம்பை உள்ளிருந்து எழுதிய ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் ஹிலரி மான்டல். புக்கர் பரிசை இரண்டு முறை, 2009-லும் 2012-லும் பெற்றவர், 2022-ல் காலமானார். இளமையில் வலி என்று டாக்டர்களிடம் போனபோது அவரை மனநோய் வைத்தியத்துக்கு அனுப்பி வைத்தார்கள். எழுதுவதே உனக்கு ஆகாது என்றுகூட ஒரு டாக்டர் சொன்னாராம். பிறகு ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவில் புருஷனோடு இருந்தபோது, ஒரு வைத்தியப் பாடப்புத்தகத்தைப் புரட்டி, தன் வியாதியின் பெயரைத் தாமே கண்டுபிடித்தார். இருபத்தேழு வயதில் லண்டனில் நடந்த ஆபரேஷனில் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் போயின. 2003-ல் வந்த அவருடைய சுயசரிதையில், பிறக்காத மகளுக்குக் கட்ரியோனா என்று பெயர் வைத்திருந்ததைச் சொல்கிறார். அந்தப் புத்தகத்தில் அழுகை கம்மி, கோபம் அதிகம். பெயர் தெரியாத வலியோடு ஒருத்தி பத்து வருஷம் வாழ்ந்தால் அவள் தன் அறிவையே சந்தேகிக்க ஆரம்பித்துவிடுகிறாள் என்பதை அதைப்போல் காட்டிய வேறு எழுத்தை நான் படித்ததில்லை. ஆனால் ஒன்று: மான்டலின் கதை அந்த வியாதியின் ஒரு முகம்தான். இன்று இந்த வியாதியோடு இருக்கிற பலர் தாமாகவே கர்ப்பம் தரிக்கிறார்கள். வேறு சிலருக்கு வைத்திய உதவி வேண்டியிருக்கிறது. ஆகவே குருசுக்குப்பத்துப் பெண்ணிடம் அந்தப் புத்தகத்தை நான் கொடுக்கவில்லை. புத்தகத்தை மறைப்பது எழுத்தாளனுக்கு அழகா என்று கேட்கலாம். 'இருக்கலாம்' என்ற வார்த்தையில் குடியிருப்பவளுக்குக் கொடுக்கிற புத்தகத்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் எழுதினால் நாவல் வைத்தியப் பத்திரிகையாகிவிடாதா என்று ஒரு விமரிசக நண்பர் ஆட்சேபித்தார். காசநோயை நாம் எழுதவில்லையா? புதுமைப்பித்தனை 1948-ல் கொண்டுபோனதே காசநோய்தான். இருமலும் கைக்குட்டையில் ரத்தமும் நம் கதைகளிலும் சினிமாவிலும் காவிய அந்தஸ்துப் பெற்றன. நுரையீரலின் ரத்தம் காவியம், கர்ப்பப்பையின் ரத்தம் வைத்தியப் பத்திரிகை என்றால், ஆட்சேபம் கலையைப் பற்றியது அல்ல, கூச்சத்தைப் பற்றியது.

பெருமாள்முருகனுக்கு வருகிறேன். கதையின் தொடர்ச்சியை அவர் இரண்டு தனி நாவல்களாக எழுதினார்: 'அர்த்தநாரி', 'ஆலவாயன்'. ஒன்றில் காளி பிழைக்கிறான், மற்றொன்றில் இறந்துபோகிறான். ஆலவாயனில் பொன்னா கர்ப்பமாகிறாள். கதையின் கட்டுக்கோப்புக்கு அது மிகவும் பொருத்தம், துயரம் இரட்டிப்பாகிறது. ஆனால் அதன் மூலம் கதை ஒரு தீர்ப்பையும் சொல்லிவிடுகிறது: குறை பொன்னாவிடம் இல்லை. ஊர் வாயை மூட அந்தத் தீர்ப்பு வேண்டியிருந்தது. குறை தன்னிடமே இருந்தாலும் மலடி என்ற பேச்சுக்குத் தான் ஆளாகக் கூடாது என்று எண்ணும் பெண்ணுக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. பிள்ளை பிறந்துவிட்டால் வியாதி இல்லை என்றும் ஆகாது. பெற்றவர்களுக்கும் இந்த வியாதி உண்டு.

எங்கள் தெருப் பெண்ணின் ஸ்கேனில் கட்டி ஒன்றும் தெரியவில்லையாம். அதனால் வியாதி இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றும் டாக்டர் எச்சரித்திருக்கிறார். புருஷனுக்கும் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார்களாம். அவர் ஒரு மாதம் தட்டிக்கழித்துவிட்டுப் போன வாரம்தான் போனார், முடிவு வரவில்லை. இரண்டாம் புத்தகத்தில் காளி என்ன ஆனான் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். நான் கதையைச் சொல்லவில்லை. ஆலவாயனை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கமாகப் போனாள்.